பதினாறு நாள் பால்

எங்கள் பேக்கரியில் தினமும் இரண்டு மாவு பிசைவோம். பெரியது கடைக்கு. சின்னது அக்காவுக்கு.

பெரிய மாவில் பால் பவுடர் உண்டு. ‘சுத்தமான பால் பிரெட்’ என்று அக்காவின் கணவர், என் மாமா, கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். சின்ன மாவில் மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். வெந்து வெளியே வந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே நிறம். அதனால் டின்னில் போட்ட கையோடு பிளேடால் மேலே கீறிவிடுவேன். கடை பிரெட்டுக்கு நீளவாக்கில் ஒரு கீறல். அக்காவுடையதற்குக் குறுக்கே இரண்டு. அக்கா கத்தியை எடுப்பதற்கு முன் அந்த இரண்டு கீறலையும் விரலால் தடவிப் பார்ப்பாள். பிறகுதான் வெட்டுவாள்.

அவளுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். ஆரம்பத்தில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சூடு, தயிர் சாப்பிடு, பால் குடி, குளிர்ச்சி. அவளும் கேட்டாள். கேட்ட நாளெல்லாம் தரையில் சுருண்டு கிடந்தாள். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போனாள். ரத்தமும் சளியும். கக்கூஸுக்கும் மாவு மூட்டைகள் வைக்கிற அறைக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர். தாழ்ப்பாள் போடும் சத்தம் எனக்குக் கேட்கும். சில நாள் தாழ்ப்பாள் வரைக்கும் போகக்கூட அவளுக்கு நேரம் இருக்காது. அந்த நாட்களில் தரையைக் கழுவியது நான்தான். படிப்பைப் பாதியில் விட்டவன், பார்த்த ஒரே வேலையிலும் கிடங்குக் காவலில் தூங்கி மாட்டிக்கொண்டவன், அக்கா வீட்டுச் சோற்றில் இருப்பவன். வேறு யார் கழுவுவார்கள்?

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா வளவளவென்று பேசுகிறவர் இல்லை.

“மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது. அதுதான் முக்கியம். பால், தயிர், வெண்ணெய், பால் பவுடர், இதெல்லாம் உங்க வயித்தைக் கலக்குதுன்னு தெரியுது. புண் ஆறுற வரைக்கும் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு கேமரா விட்டுப் பார்ப்பேன். ஆறியிருந்தா குடல் உங்களுது. இல்லேன்னா எடுத்துட்டு வயித்துல பை வைக்கணும்.”

“பைன்னா?” என்றாள் அக்கா.

“வெளிக்கி அதுலதான் வரும்.”

அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

அன்றிலிருந்து மாத்திரை ஒரு வேளை தவறவில்லை. பால் என்று பெயர் வைத்த எதையும் தொடவில்லை. பதினான்கு எட்டானது. எட்டு ஐந்தானது. ஐந்தாவது மாதம் மூன்று, சில நாள் இரண்டு. ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை போட்டது. ‘இன்னும் ஒரு மாசம்டா’ என்று காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்.

மாமா கெட்டவர் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அவர் கத்தமாட்டார், அடிக்கமாட்டார். சிரிக்க வைப்பார். கடையில் ஆள் நிற்கும்போது அக்கா கவுண்டரை விட்டு உள்ளே ஓடினால், “கொஞ்சம் இருங்க, மகாராணி அரண்மனைக்குப் போயிருக்காங்க” என்பார். நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். உள்ளே தாழ்ப்பாளுக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு நன்றாகவே கேட்கும்.

சின்ன மாவு அவருக்கு முள்ளாகக் குத்தியது. அதற்காக மெஷினைத் தினமும் காலையில் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும், தனி டின், தனிக் கத்தி. அதையும் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி, “ஏங்க, உங்க வீட்டம்மாவே உங்க பிரெட்டைத் தொடமாட்டாங்களாமே, அப்படி என்ன போடுறீங்க அதுல?” என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். மாமாவும் சிரித்தார். அவள் போனதும் நேராக மாவு மெஷினுக்கு வந்தார்.

“மச்சான், நாளையிலேர்ந்து அவ மாவுல பவுடர் ரெண்டு கரண்டி போடு.”

“அக்காவுக்கு ஆகாதே மாமா.”

“ஆகாதுன்னு யார் சொன்னா?”

“டாக்டரம்மா.”

“டாக்டரம்மாகிட்ட யார் சொன்னா?”

பதிலையும் மாமாவே சொன்னார்.

“இவ சொன்னா. இவ சொன்னதையே அந்தம்மா எழுதிக் குடுத்துச்சு. அதை நீ வேதவாக்கா புடிச்சுக்கிட்டே. ரெண்டு கரண்டி போடு. வழக்கம்போல ரெண்டு கீறு கீறி வை. வயிறு கலங்கிச்சுன்னா ஊரறிய அவ கால்ல விழறேன். கலங்கலைன்னா இந்த நாடகத்தை அன்னையோட மூட்டை கட்டணும்.”

“தெரிஞ்சுதுன்னா?”

“எப்படித் தெரியும்? உனக்கும் எனக்கும்தான் தெரியும். உன் வாய் திறந்துச்சுன்னா உன் பெட்டியும் திறந்துக்கும் மச்சான், நடுத்தெருவுல.” தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் கண் முன்னாலேயே டின்னைத் திறந்தேன். இரண்டு கரண்டி தலைதட்டி எடுத்துக் கிண்ணத்தில் கொட்டினேன். பார்த்துவிட்டுக் கவுண்டருக்குப் போனார். சின்ன மாவு மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. கிண்ணம் என் கையில் இருந்தது.

நான் போடவில்லை. சின்ன மாவை எடுத்து டின்னில் வைத்து இரண்டு கீறல் கீறினேன். பிறகு பெரிய மாவைப் பிசையும்போது அந்த இரண்டு கரண்டியையும் அதில் கொட்டிவிட்டேன்.

பாசத்தில் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அக்காவுக்கு மறுபடி வந்தால் மறுபடி தரையைக் கழுவ வேண்டியவன் நான். அந்த நாற்றம் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் மாமா கேட்டார். “போட்டியா?”

“போட்டேன்.”

“எத்தனை தடவை போனா?”

“ரெண்டு.”

மாமா புருவத்தைத் தூக்கினார்.

அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் இரண்டு. தினமும் சாயங்காலம் கணக்குக் கேட்டார். தினமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோதான் எனக்கு உறைத்தது. நான் அக்காவைக் காப்பாற்றவில்லை. அவளுக்கு எதிராக ஒரு சாட்சியை நாளுக்கு இரண்டு கீறலாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதாவது நிஜமாகவே கலந்திருக்கலாம். அல்லது அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. எதுவும் செய்யாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை.

அந்த நாட்களில் கடை பிரெட்டில் மட்டும் தினமும் இரண்டு கரண்டி பவுடர் கூடுதல். “என்ன, இப்பல்லாம் பிரெட் பஞ்சு மாதிரி இருக்கே?” என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள். “எல்லாம் மச்சான் கைவண்ணம்” என்றார் மாமா.

பதினேழாவது நாள் கடைக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் தங்கையை வரச் சொல்லியிருந்தார் மாமா. அக்காவின் நாத்தனார் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசுகிறவள். வந்து உட்கார்ந்ததும் அக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“என்ன அண்ணி, பளபளன்னு ஆயிட்டீங்க? வயிறு எப்படி இருக்கு?”

அக்காவுக்கு அதைக் கேட்டதே சந்தோஷம். அந்த வீட்டில் அவள் வயிற்றைப் பற்றி மரியாதையாகக் கேட்ட முதல் ஆள் அன்று அவள்தான். “நல்லா இருக்கு. ரெண்டு தடவை, மிஞ்சினா மூணு. பால் பக்கமே தலை வைக்கிறதில்ல, அதான் தாங்குது. இன்னும் இருபது நாள். கேமரா டெஸ்ட் முடிஞ்சா...”

மாமா எழுந்து உள்ளே போனார். பால் பவுடர் டின்னைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது என்ன?”

“பவுடர் டின். இங்க ஏன் கொண்டாந்தீங்க?”

“இதுலேர்ந்து ஏதாவது சாப்பிட்டிருக்கியா?”

“அஞ்சு மாசமா மோந்துகூடப் பார்க்கல.”

“பதினாறு நாளா தின்னுட்டிருக்கே.”

நாத்தனார் கையைத் தட்டிச் சிரித்தாள். அவளுக்கு முன்பே தெரியும். அக்காவும் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று. “போங்க.” பிறகு யாரும் சிரிப்பை நிறுத்தாததால் என்னைப் பார்த்தாள்.

“என்னடா சொல்றாரு?”

“சொல்லு மச்சான்,” என்றார் மாமா. “உங்கக்கா மாவுல யார் பவுடர் போட்டது?”

இந்த இடத்தில்தான் நான் பேசியிருக்க வேண்டும். ‘போடவில்லை’ என்ற ஒரு சொல். கட்டிலுக்கு அடியில் என் பெட்டி இருந்தது. அதைத்தான் நினைத்தேன்.

“நான்தான்க்கா.”

“எவ்வளவு?”

“ரெண்டு கரண்டி.”

“தினமுமா?”

“ஆமா.”

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. எங்காவது வலிக்கிறதா என்று நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். எங்கும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் பரவாயில்லை என்று நினைத்திருப்பாள். முகம் அப்படி இருந்தது.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க,” என்று நாத்தனார் அவள் முதுகைத் தடவினாள். “உடம்புல வியாதின்னா டாக்டர் பார்ப்பாரு. மனசுல வியாதின்னா நாமளாத்தான் சரி பண்ணிக்கணும். எத்தனை பொம்பளைங்களுக்கு இருக்கு. வேலை செய்யப் புடிக்கலைன்னா முதுகு வலிக்கும், தலை வலிக்கும். உங்களுக்கு வயிறு.”

“நான் பொய் சொல்லல,” என்றாள் அக்கா. அவளுக்கே அது சந்தேகமாகக் கேட்டிருக்க வேண்டும். மறுபடியும் சொல்லவில்லை.

மாமா அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் நிறையப் பால் கொண்டுவந்தார். “பயத்தை உடைச்சிரு. இதைக் குடி. நாளையிலேர்ந்து புது மனுஷி.”

யாரும் அவள் வாயைப் பிடித்து ஊற்றவில்லை. அவளே எடுத்தாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்தாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள், மருந்து குடித்த குழந்தை மாதிரி. நாத்தனார் மறுபடி கைதட்டினாள்.

அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. “முகம் கழுவிட்டு வர்றேன்” என்று எழுந்தாள். நான் மாவு அறைக்குப் போனேன். தாழ்ப்பாள் சத்தம். உடனே குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இருந்த சத்தமும் எனக்குக் கேட்டது.

திரும்பி வந்தபோது முடியெல்லாம் நனைந்திருந்தது.

“என்ன, அரண்மனைக்கா?” என்றார் மாமா.

“முகம்தான் கழுவினேன்.”

“பார்த்தீங்களா?” என்றாள் நாத்தனார். “ஒண்ணும் ஆகல. இனிமே வலிக்குதுன்னு தோணினா, அது மனசுதான்னு நினைச்சுக்கோங்க. தானா போயிடும்.”

மறுநாள் காலை நான் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து பின்னால் நின்றாள்.

“எனக்கு இனிமே தனி மாவு வேண்டாம்டா.”

“ஏன்க்கா?”

“எதுக்கு உனக்கு ரெண்டு வேலை.” கொஞ்சநேரம் மெஷினைப் பார்த்தாள். “நிஜமா போட்டியாடா?”

“என்னக்கா?”

“பவுடர். மறந்திருப்பே. ஒருநாளாவது விட்டிருப்பே. நீ எதையும் ஒழுங்கா செய்யிறவன் இல்லையே.”

அவள் கெஞ்சினாள். என் சோம்பேறித்தனத்தை நம்பி ஒரு மனுஷி கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அடுத்த அறையில் மாமா பன்களை எண்ணித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை சட்டென்று நின்றது. காது கொடுக்கிறார்.

“ஒருநாள்கூட விடலக்கா,” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பக்கத்து அறையில் எண்ணிக்கை தொடர்ந்தது.

அக்கா தலையாட்டினாள். “அப்ப நான்தான் லூசு.” இடுப்பில் செருகியிருந்த மாத்திரைப் பட்டையை எடுத்துக் குப்பை வாளியில் போட்டாள்.

“மாத்திரை ஏன்க்கா? டாக்டரம்மா...”

“இல்லாத வியாதிக்கு எதுக்கு மாத்திரை?”

“கேமரா டெஸ்ட் வருதே.”

“கேமராவுல எதைப் பார்ப்பாங்க? என் கொழுப்பையா?”

நான் வாளியிலிருந்து அந்தப் பட்டையை எடுக்கவில்லை. மேலே மாவுத் தூசியும் முட்டை ஓடும் விழுந்தன. மத்தியானம் கொண்டுபோய்த் தெருத் தொட்டியில் கொட்டினேன்.

மூன்று வாரம் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாமா சொன்னது சொன்னபடி அக்கா கவுண்டரை விட்டு அசையவில்லை. ஒரு கீறல் பிரெட்டைச் சாப்பிட்டாள். வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி கவுண்டரில் வைத்தே சாப்பிட வேண்டும் என்பது மாமாவின் ஏற்பாடு. “பாருங்க, எங்க வீட்டம்மாவே சாப்பிடுறாங்க.” கேமரா டெஸ்டுக்குக் குறித்திருந்த நாள் வந்து போனது. அன்று கேக் ஆர்டர் ஒன்று இருந்தது.

பிறகு குழாய்ச் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் கடை திறப்பதற்கு முன்னால் மட்டும். பிறகு மாமா சரக்கெடுக்க வெளியே போகும்போதெல்லாம். ஐந்து. எட்டு. பத்து. ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாளுக்கு முன்னால் குழாய். கருப்பு, கரும்பழுப்புத் துணி மட்டும் உடுத்த ஆரம்பித்தாள். முன்பு தரையில் விட்டதை நான் கழுவினேன். இப்போது அவளே கழுவிவிட்டு வந்தாள், ஒரு சொட்டு இல்லாமல். மாமா என்னிடம் கணக்குக் கேட்பதை நிறுத்திவிட்டார். வழக்கில் ஜெயித்தவர் எதற்குக் கேட்கப்போகிறார்? நானும் சொல்லவில்லை.

ஒரே ஒருநாள், “அக்கா, உனக்கு மறுபடி...” என்று ஆரம்பித்தேன்.

“மனசுடா,” என்றாள். “மனசு கழியுது.” அவளே அதற்குச் சிரித்தாள். பல் ஈறு வெளுத்திருந்தது.

அன்று சொல்லியிருக்கலாம். அன்றுகூட மாத்திரையை மறுபடி தொடங்கியிருந்தால் குடல் தப்பியிருக்கலாம். தெருவுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. இதைவிட நாகரிகமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாலைக் குடித்த நாளிலிருந்து ஏழாவது வாரம், கடை நிறைய ஆள் இருந்த நேரத்தில், அக்கா ஒருத்திக்கு ஆறு பன்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கொடுத்த கை நீட்டியபடியே இருக்க, பின்னால் சாய்ந்தாள். நாற்காலியோடு விழுந்தாள். கருப்புத் துணி பொய் சொல்லும். வெள்ளைத் தரை சொல்லாது. வாடிக்கைக்காரி இரண்டடி பின்னால் போனாள். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

“மாத்திரையை எப்ப நிறுத்தினாங்க?”

“ஒரு ஒண்ணரை மாசம் இருக்கும்,” என்றேன்.

“நல்லா ஆறிக்கிட்டு வந்த கேஸ். எதுக்கு நிறுத்தினாங்க?”

மாமா முன்னால் வந்தார். “டாக்டர், விஷயம் என்னன்னா, பால் ஆகாது ஆகாதுன்னு சொல்லிட்டிருந்தா. தெரியாம குடுத்துப் பார்த்தோம். பதினாறு நாள். ஒண்ணுமே ஆகல. அப்ப வியாதியே இல்லைன்னுதானே...”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“பால் நோயை உண்டாக்காது. இந்த மாதிரி வயித்துல பால் போனா சில பேருக்குக் கலக்கும், உப்பும், போகும். அந்தத் தொல்லை வேண்டாம்னுதான் நிறுத்தச் சொன்னது. பால் ஒத்துக்கிச்சுன்னா பால் ஒத்துக்கிச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். புண் புண்தான். அதை அடக்கி வச்சிருந்தது மாத்திரை. இப்ப குடல் நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கு. ஓட்டை விழுறதுக்குள்ள எடுத்தாகணும். இன்னைக்கே.”

மாமா வெளியே வந்து வராந்தாவில் நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் முதல் தடவையாக அவருக்காகக்கூடக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு அவர் வாயைத் திறந்தார்.

“கேட்டியா மச்சான்? பாலால ஒண்ணும் இல்லைன்னு அந்தம்மாவே சொல்லிடுச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?”

பெருங்குடலை முழுக்க எடுத்துவிட்டார்கள். வயிற்றின் வலதுபக்கம் ஒரு துளை போட்டுச் சிறுகுடலின் நுனியை வெளியே இழுத்துத் தைத்து, அதன்மேல் பையை ஒட்டினார்கள். இனி எப்போதைக்கும் அப்படித்தான்.

நான்காவது நாள் காலையில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா இன்னும் வரவில்லை. என்ன நினைத்தேனோ, சொல்லிவிட்டேன்.

“அக்கா, நான் கலக்கல.”

“என்ன கலக்கல?”

“பவுடர். உன் மாவுல ஒருநாள்கூடப் போடல. போட்டேன்னு மாமாகிட்ட பொய் சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி இருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி இருமினாள்.

“பதினாறு நாளுமா?”

“ஆமா.”

“பவுடரை என்ன பண்ணினே?”

“பெரிய மாவுல கொட்டிட்டேன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுக்கவும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலியா சிரிப்பா என்று நான் கேட்கவில்லை.

“கலந்திருக்கலாமேடா,” என்றாள். “சொன்னதைச் செஞ்சிருக்கலாம். ரெண்டு நாள்ல என் வயிறே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். கொஞ்சம் போயிருக்கும், படுத்திருப்பேன், எழுந்திருச்சிருப்பேன். மாத்திரையும் இருந்திருக்கும், குடலும் இருந்திருக்கும். நீ நல்லவனா இருக்கப் பார்த்தே பாரு.”

“நல்லவன் எல்லாம் இல்லக்கா. கழுவணுமேன்னுதான்...”

“அதுவும் சரிதான்.”

“மாமாகிட்ட சொல்லிடவா?”

“எதுக்கு? ‘அந்தப் பயதான் கெடுத்தான், நானா செஞ்சேன்’னு நிம்மதியா தூங்கறதுக்கா? இப்பவும் நிம்மதியாத்தான் தூங்கறாரு. இன்னும் ஒரு தலகாணி எதுக்கு?”

மாமா வந்தபோது கையில் ஆரஞ்சுப் பழம் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே, கடை பிரெட் ஒரு தட்டு கருகிப்போனதைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் தட்டோடு வந்தாள். கையுறை, வெந்நீர், துணி, புதுப் பை.

“வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தர் இதைக் கத்துக்கணும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை காலி பண்ணணும். மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். ஆரம்பத்துல அவங்களால குனிய முடியாது. சார், நீங்க வர்றீங்களா?”

நர்ஸ் பழைய பையின் ஓரத்தை உரிக்க ஆரம்பித்தாள். மாமா ஒரு நொடி பார்த்தார்.

“அடுப்புல பிரெட் இருக்கு,” என்றார். ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் நின்றுகொண்டு சொன்னார். ஆரஞ்சுப் பழத்தை வைக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

“இவன் செய்வான்,” என்று அக்கா என்னைக் காட்டினாள். “கழுவறதுல அனுபவம் இருக்கு.”

கையுறையைப் போட்டுக்கொண்டேன். பையை எடுத்ததும் அது தெரிந்தது. வாயின் உட்புறம் மாதிரி சிவப்பாக, ஈரமாக, ஒரு மொட்டு அளவுக்கு. அது தானாக அசைந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“பயப்படாதீங்க,” என்றாள் நர்ஸ். “ஈரத்துணியால சுத்தித் துடைங்க. அதையே தொட்டாலும் வலிக்காது. வலி தெரியிற நரம்பே அதுல கிடையாது.”

துணியை நனைத்துப் பிழிந்து மெதுவாக வைத்தேன்.

“வலிக்குது,” என்றாள் அக்கா.

கையை எடுத்துவிட்டேன்.

“அங்க வலிக்காதும்மா,” என்றாள் நர்ஸ். “முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் தோணும். மனசுதான். நீங்க துடைங்க சார்.”

“வலிக்குதுன்னு சொல்றேன்,” என்றாள் அக்கா, என்னிடம்.

“துடைங்க சார், எனக்கு இன்னும் மூணு கட்டில் இருக்கு.”

நான் துடைக்கவில்லை. துணியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி விரிப்பு நனைந்தது. சிவப்பு மொட்டிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு வழிய ஆரம்பித்து, வயிற்றுச் சரிவில் மெதுவாக இறங்கித் தையல் பக்கம் போனது. நர்ஸ் என் கையிலிருந்து துணியைப் பிடுங்க வந்தாள். நான் கொடுக்கவில்லை. அப்படியே ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

“சரி, இப்ப வலிக்கல,” என்றாள் அக்கா. “துடை.”

துடைத்தேன். மஞ்சள் கோட்டைத் துடைத்தேன், சுற்றிலும் துடைத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“முதல்லயும் வலிக்கல,” என்றாள். “நிறுத்துறியான்னு பார்த்தேன். நாளைக்கும் இப்படித்தான் சொல்லுவேன்.”

நான் துணியை மறுபடி நனைத்தேன்.